கோபத்துக்கு ஓர் உண்டியல்

உண்டியலை உடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் கோணிப்பையை மடித்துப் போட்டு, அம்மிக் குழவியால் ஒரே போடு போட்டேன். பூசணிக்காய் உருவத்தில் செய்த பீங்கான் உண்டியல் அது. நாலு துண்டாகப் பிளந்து விழுந்தது. உள்ளேயிருந்த ரூபாய் நோட்டுகள் கோணிக்கு வெளியேயும் சிதறின.

எனக்கு அந்த நொடியிலேயே ஏதோ சரியில்லை என்று பட்டது. நான் போட்டது அவ்வளவு இல்லை.

போட்டது ஆயிரத்து நானூற்று அறுபது ரூபாய். ஒவ்வொரு தடவை போட்டபோதும் நாள்காட்டியில் குறித்திருக்கிறேன். முந்தைய நாள்தான் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் பழைய செல்போன் ஒன்றுக்கு விலை பேசிவிட்டு வந்திருந்தேன்.

எண்ணினேன். நாலாயிரத்து எண்பத்தெட்டு வந்தது.

மறுபடி எண்ணினேன். பிறகு சில்லறையைத் தனியே ஒதுக்கி வைத்து மூன்றாவது முறையும் எண்ணினேன். அதே நாலாயிரத்து எண்பத்தெட்டு. நாள்காட்டியை, பின்னால் மாட்டியிருந்த போன வருஷத்ததோடு சேர்த்து, ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து சிவப்பு வட்டங்களை எல்லாம் கூட்டினேன். அதே ஆயிரத்து நானூற்று அறுபது.

பணம் குறைந்திருந்தால் எனக்குக் குழப்பமே வந்திருக்காது. யாரையாவது திட்டியிருப்பேன். கூடியிருந்தால் என்ன செய்வது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

என் மனைவி கலா அடுப்புக்குப் பக்கத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவ்வளவு சத்தம் கேட்டும் அவள் திரும்பவில்லை.

"கலா, இதுல என்னாவோ தப்பு நடந்திருக்குது."

"என்னா தப்பு?"

"பணம் ஜாஸ்தியா இருக்குது."

"ஜாஸ்தியா இருந்தா நல்லதுதான? எண்ணி முடிச்சிட்டு எழுந்திரிங்க. தரையத் தொடைக்கணும்."

இந்தக் கதையை எழுதட்டுமா என்று இந்த வாரம் அவளிடமே கேட்டேன். "எழுதுங்க. ஆனா உங்களுக்குத் தோதா மாத்தாம, நடந்ததை நடந்தபடி எழுதுங்க" என்றாள். அதனால் முதலிலிருந்து வருகிறேன்.

ஒன்றரை ரூபாய்

நான் ஒரு முன்கோபி. மூக்கு நுனியில் கோபம் என்பார்களே, அந்த ரகம். கை நீட்டுகிற ஆள் இல்லை. குடிப்பழக்கமும் இல்லை. கோபம் வந்தால் எனக்குப் பசி எடுக்கும், அவ்வளவுதான். பசி எடுத்தால் கடைக்குப் போவேன். போனால் ஒரு டீயோடு திரும்ப மாட்டேன்.

ஒரு தடவை பெண்ணாடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு விருத்தாசலம் திரும்பிக்கொண்டிருந்தேன். கண்டக்டர் ஒன்றரை ரூபாய் பாக்கி தர வேண்டும். "எறங்கும்போது வாங்கிக்குங்க" என்றார். நான் இப்போதே கொடு என்றேன். அவர் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, "உன் பஸ்ஸே வேணாம்யா" என்று பாதி வழியில் இறங்கிவிட்டேன்.

ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்த பருவம் அது. அடுத்த பஸ் எங்கே மாட்டிக்கொண்டதோ தெரியவில்லை. முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு ஓர் ஆட்டோவைப் பிடித்தேன். நாற்பது ரூபாய். ஜங்ஷன் அருகே இறங்கியதும் பசி. பரோட்டா, ஆம்லெட், பதினெட்டு ரூபாய். வீட்டு வாசலில் நின்றபோதுதான் அந்த ஒன்றரை ரூபாயை வாங்காமலே இறங்கிவிட்டேன் என்பது ஞாபகம் வந்தது.

கலாவிடம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "சரி, கால கழுவிட்டு வாங்க" என்றாள்.

பிலோமினாவின் யோசனை

அப்போது நான் வேலை பார்த்தது மின்சார ஃப்யூஸ் கட்டை செய்கிற சின்னப் பீங்கான் கம்பெனியில். சூளையிலிருந்து வெந்து வரும் கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல கட்டை கணீரென்று சத்தம் போடும், விரிசல் விட்டது மொத்தென்று கேட்கும். மொத்தென்று கேட்டதை ஒதுக்குவதுதான் என் வேலை. நான் ஒதுக்கியதை சூப்பர்வைசர் எடுத்து நல்லதோடு கலந்துவிடுவார். நான் மறுபடி ஒதுக்குவேன். ஒரு நாளைக்கு இரண்டு சண்டை நிச்சயம்.

எனக்கு எதிரே உட்கார்ந்து அதே வேலையைச் செய்தவள் பிலோமினா. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒரு புதன்கிழமை அவளிடம் இருபது ரூபாய் கைமாற்றுக் கேட்டேன்.

"ஏண்ணே, சனிக்கெழம கூலி வாங்குனீங்க. பொதங்கெழம கைய நீட்டுறீங்க. குடியும் கெடையாது. காசு எங்கதான் போவுது?"

"தெரியலயே" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

"முந்தாநேத்து சூப்பர்வைசரோட சண்ட போட்டீங்களே, அப்புறம் எங்க போனீங்க?"

"ஓட்டலுக்கு."

"அதுக்கு முன்ன தண்ணி லாரிக்காரங்கிட்ட சண்ட போட்டீங்களே?"

"அன்னைக்கி வாரப் பத்திரிகை ரெண்டு வாங்குனேன். அப்புறம் நடக்க மனசில்லாம ஆட்டோவுல வந்தேன்."

அவள் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஒங்களுக்குக் கோவந்தாண்ணே குடி. இனிமே கோவம் வந்தா கடைக்குப் போவாதீங்க. போனா எவ்ளோ செலவாவுமோ அத வூட்டுக்குப் போயி உண்டியல்ல போடுங்க."

சொன்னதோடு விடவில்லை. மறுநாள் பக்கத்துக் கம்பெனியில் கழித்துப்போட்ட உண்டியல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். பச்சைப் பூச்சு ஒரு பக்கமாக வழிந்து, பூசணிக்காய் அழுவது போல இருந்தது. மேலே காசு போடும் பிளவைத் தவிர வேறு வாய் கிடையாது. போட்டதை எடுக்க வேண்டுமென்றால் உடைக்கத்தான் வேண்டும்.

அது தீபாவளி முடிந்த சமயம். அன்றிலிருந்து கோபம் வந்தால் நேராக வீட்டுக்கு வந்தேன். பரோட்டா விலையை நாலாக மடித்து உண்டியலில் போட்டேன். நாள்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பக்கத்தில் தொகை. கூடவே நானாக ஒரு விதியும் சேர்த்துக்கொண்டேன். கோபம் ஆறும்வரை வீட்டில் யாரிடமும் பேசுவதில்லை. வீட்டில் யார் என்றால், கலா ஒருத்திதான்.

இரண்டே மாதத்தில் புதன்கிழமைக் கைமாற்று நின்றுவிட்டது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது. கம்பெனியில் இரண்டு பேருக்கு இந்த முறையைச் சொல்லிக்கூடக் கொடுத்தேன்.

வழியெல்லாம் பொம்மை

ஆனால் வீட்டில் வேறொரு குழப்பம் ஆரம்பித்தது. பொம்மைகள்.

கலா பொம்மைக்குக் கண் எழுதுவாள். பொம்மைக் கம்பெனிக்காரர்கள் கைக்குள் அடங்குகிற வெள்ளைப் பீங்கான் பொம்மைகளைக் கூடைகூடையாக வீட்டில் இறக்கிவிட்டுப் போவார்கள். கண், புருவம், உதடு, தலைமுடி எல்லாம் எழுதினால் டஜனுக்கு ஆறு ரூபாய். சனிக்கிழமை வந்து எண்ணி எடுத்துக்கொண்டு காசு கொடுப்பார்கள். நான் வேலைக்குப் போன பிறகு எழுதி, நான் திரும்புவதற்குள் ஓரமாக அடுக்கிவிடுவாள். நாளைக்கு நாலு டஜன் என்பது வழக்கம். அந்தக் காசு பாலுக்கும் மளிகைக்கும் போய்விடும்.

அந்த வருஷம் நாலு டஜன் ஆறாயிற்று, எட்டாயிற்று. ஜன்னல் திண்டில் பொம்மை, டிவி மேல் பொம்மை, நான் சட்டை மாட்டுகிற இடத்துக்குக் கீழே பொம்மை. எல்லாம் கண்ணைத் திறந்து என்னையே பார்க்கும். கால் வைக்க இடமில்லை. ஒரு நாள் ஒன்றை மிதித்து உடைத்துவிட்டேன்.

கோபம் தலைக்கேறியது. ஆனால் நான்தான் திருந்திவிட்டேனே! வாயைத் திறக்காமல் பதினைந்து ரூபாயை மடித்து உண்டியலில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். மறுநாள் சாயங்காலம் வந்து பார்த்தால் இன்னும் மூன்று டஜன் கூடியிருந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் எவ்வளவுக்கெவ்வளவு அடக்கமாக இருந்தேனோ, அவ்வளவுக்கவ்வளவு பொம்மைகள் பெருகின. கம்பெனியில் ஆர்டர் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கலா பன்னிரண்டாவது முடித்தவுடன் கல்யாணம் ஆகி வந்தவள். அஞ்சல் வழியில் பி.ஏ. படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. டிகிரி இருந்தால் பள்ளிக்கூட வேலை எதற்காவது போகலாம் என்பாள். முதல் வருஷத்துக்குக் கட்டணம் இரண்டாயிரத்து அறுநூறு. முதல் தடவை கேட்டபோது நான் கத்தினேன். அடுத்த வருஷம் கேட்டபோதும் கத்தினேன். மூன்றாவது வருஷம், இந்த உண்டியல் ஓடிக்கொண்டிருந்தபோது கேட்டாள். விண்ணப்பத்தை எங்கேயோ வாங்கி வந்து வைத்திருந்தாள். நான் கத்தவே இல்லை. புன்சிரிப்போடு, "பாக்கலாம் கலா" என்றேன்.

எவ்வளவு பக்குவப்பட்டுவிட்டோம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பதினேழு நாள்

மாசி மாதம் என் சாதனை மாதம். நாள்காட்டியில் தொடர்ந்து பதினேழு நாள் ஒரு சிவப்பு வட்டம்கூடக் கிடையாது.

அதற்கு நடுவில்தான் மாசி மகமும் வந்தது. பழமலைநாதர் கோயிலைச் சுற்றி எள் போட்டால் எள் விழாத கூட்டம். மணிமுத்தாற்று மணலில் நடந்து போகும்போது ஒருவன் என் காலை மிதித்தான். ஒரு பையில் இருந்த எண்ணெய் என் வெள்ளைச் சட்டையில் ஊற்றியது. நான் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கலாவுக்கு வளையல் வாங்கிக் கொடுத்தேன். அவளோடு பள்ளியில் படித்த சுமதியை வழியில் பார்த்தோம். எங்கள் மாவட்டத்து மங்களூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருப்பதாகச் சொன்னார். நின்று சிரித்துப் பேசிவிட்டு வந்தோம்.

அந்த வருஷத்திலேயே நாங்கள் சந்தோஷமாக இருந்த நாள் எது என்று யாராவது கேட்டிருந்தால், யோசிக்காமல் மாசி மகம் என்று சொல்லியிருப்பேன்.

மடித்த நோட்டு, சுருட்டிய நோட்டு

உடைத்த உண்டியலுக்கு வருகிறேன்.

நாலாவது முறை எண்ணத் தொடங்கியபோதுதான் கவனித்தேன். நோட்டுகள் இரண்டு விதமாக இருந்தன. சில நாலாக மடித்தவை. அவை என்னுடையவை. மற்றவை பீடிபோலச் சுருட்டியவை. எல்லாம் பத்தும் ஐந்தும். சிலவற்றின் ஓரத்தில் கறுப்பு மை. பொம்மையின் புருவத்துக்குத் தீட்டுகிற மை.

"கலா, இதுல நீ பணம் போட்டியா?"

"ஆமா."

"எதுக்கு?"

அரிசிப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க எதுக்குப் போட்டீங்க?"

"கோவம் வந்தா போட்டேன். உனக்குத்தான் தெரியுமே."

"நானும் அதுக்குத்தான் போட்டேன்."

எனக்கு விளங்கவில்லை. "உனக்கு என்னா கோவம்?" என்று கேட்டேன். இப்போது எழுதும்போது அந்தக் கேள்வி எனக்கே கூச்சமாக இருக்கிறது. அன்றைக்கு அது நிஜமான சந்தேகம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

"உங்களுக்குக் கோவம் வந்தா கடைக்குப் போவீங்க. நான் எங்க போவேன்? கூட ரெண்டு டஜன் எழுதுவேன். சின்னக் கோவம்னா ரெண்டு, பெருசுன்னா அஞ்சு ஆறு. சனிக்கெழம காசு வந்ததும் அத மட்டும் தனியா எடுத்து இதுல போட்டுருவேன்."

"தனியா ஒரு டப்பால போட்டு வச்சிருக்கலாமே?"

"டப்பான்னா அவசரத்துக்கு நீங்க எடுப்பீங்க. இத ஒடைக்காம எடுக்க முடியாதுல்ல? அதுவும் இல்லாம, கோவத்துக்குன்னு வூட்டுல ஒரு உண்டியல் இருக்கும்போது எனக்குன்னு வேற எதுக்கு?"

சுருட்டிய நோட்டுகளை ஒவ்வொன்றாக நீவி அடுக்கி, சில்லறையையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எண்ணிப் பார்க்கவில்லை. "ரெண்டாயிரத்து அறநூத்தி இருவத்தெட்டு இருக்கும். நானூத்தி முப்பத்தெட்டு டஜன்" என்றாள். நான் எண்ணிப் பார்த்தேன். ஒரு ரூபாய் பிசகவில்லை.

வழியெல்லாம் கிடந்த பொம்மைகள் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. அவை ஆர்டர் அதிகமாகி வந்தவை அல்ல. நான் ஒரு பொம்மையை மிதித்து உடைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தபோது, மறுநாள் மூன்று டஜன் கூடியது ஏன் என்றும் புரிந்தது.

ஆனாலும் தற்காப்புக்கு ஏதாவது வேண்டுமே. நாள்காட்டியைப் புரட்டி மாசி மாதத்தை நீட்டினேன். "இதோ பாரு, பதினேழு நாளு. ஒரு கோவம் இல்ல, ஒரு சண்ட இல்ல. இப்பிடி எத்தன நல்ல நாளு இருந்திருக்குது!"

அவள் நாள்காட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இந்தப் பதினேழு நாள்லதான் நான் நெறயா எழுதுனேன்" என்றாள்.

"எதுக்கு?"

"மாசி மகத்தன்னைக்கு சுமதி என்னப் பாத்து, 'நீயும் படிச்சிருக்கலாமேடி, கிளாஸ்ல நீதான மொத மார்க்கு'ன்னா. நீங்க என்னா சொன்னீங்க?"

எனக்கு ஞாபகம் இல்லை.

"'இவளுக்கு எதுக்குங்க படிப்பு? பொம்மைக்குக் கண்ணு எழுதவே இவளுக்கு நேரம் சரியா இருக்குது'ன்னு சொல்லிச் சிரிச்சீங்க. சுமதியும் சிரிச்சா. நானும் சிரிச்சேன். மறுநாளு பத்து டஜன் எழுதுனேன்."

"விளையாட்டுக்குச் சொல்லியிருப்பேன் கலா."

"வெளையாட்டுக்குத்தான் சொன்னீங்க. அதான் கோவம். நீங்க கத்துன வருஷமெல்லாம், ஆத்தரத்துல சொல்றாருன்னு நெனச்சுக்குவேன். நாளைக்கி ஆறிட்டா ஒருவேள சரின்னு சொல்லுவாருன்னு இருக்கும். இந்த வருஷம் சிரிச்சிக்கிட்டே 'பாக்கலாம்'னீங்க பாருங்க, அப்பதான் இவுரு எப்பவுமே பாக்க மாட்டாருன்னு தெரிஞ்சிச்சு."

நான் அந்தச் சிவப்பு வட்டங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வட்டம் போட்ட நாள் கெட்ட நாள், போடாத நாள் நல்ல நாள் என்று ஒன்பது மாதமாக நம்பியிருந்தேன். அது என் நாள்காட்டி மட்டுந்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அவள் முன்னால் அழவும் தெரியவில்லை.

என் ஆயிரத்து நானூற்று அறுபதை அவள் பக்கம் தள்ளினேன். "இதையும் வச்சுக்க. பொஸ்தகம் வாங்க ஆவும்."

"வேணாங்க. அது உங்களோடது. செல்போனு வெல பேசிட்டு வந்திருக்கீங்கல்ல, வாங்கிக்குங்க."

அவள் குத்தலாகச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் சிரிக்கிறாள். செல்போன் வாங்காமல் விட்டேன் என்று எழுதத்தான் ஆசை. நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லியிருக்கிறாளே. அடுத்த மாதமே வாங்கினேன்.

திங்கட்கிழமை

கட்டணம் கட்டச் செவ்வாய்க்கிழமைதான் கடைசி நாள் என்று ஞாயிறு மத்தியானம் சொன்னாள். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உடைத்திருக்காவிட்டால் திங்கட்கிழமை காலையில் நான் வேலைக்குப் போனதும் அவளே உடைத்திருப்பாள். அதையும் அவளேதான் சொன்னாள்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு அவளோடு வங்கிக்குப் போனேன். பல்கலைக்கழகத்தின் பேரில் டி.டி. எடுக்க வேண்டும். நான் எழுதித் தருகிறேன் என்று பேனாவை எடுத்தேன். "நானே எழுதுறேன், நீங்க உக்காருங்க" என்று படிவத்தை வாங்கிக்கொண்டாள். அவள் கையெழுத்து அவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எங்கே பார்த்திருக்கிறேன், பொம்மையின் புருவத்தில்தான்.

கவுண்ட்டரில் இருந்தவர் நீவியும் சுருண்டுகொள்கிற நோட்டுகளை விரலால் அழுத்தி அழுத்தி எண்ணினார். ஒரு தடவை அலுப்போடு எங்களை நிமிர்ந்து பார்த்தார். வழக்கமாக அந்தப் பார்வை ஒன்றே எனக்குப் போதும், சண்டை பிடித்திருப்பேன். அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"கமிஷன் முப்பத்தஞ்சும்மா" என்றார்.

கலா அதை எதிர்பார்க்கவில்லை. கையில் மீதி இருந்தது இருபத்தெட்டு ரூபாய். மஞ்சள் பையைத் துழாவினாள். கவிழ்த்துப் பார்த்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முனகத் தொடங்கினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். கேட்காமல் நீட்டினால் கோபித்துக்கொள்வாளோ, நீட்டாவிட்டால் கோபித்துக்கொள்வாளோ என்று தெரியாமல் பையில் கையை விட்டபடி நின்றேன்.

கடைசியில் அவளே என் பக்கம் திரும்பினாள்.

"ஏழு ரூபா குடுங்க" என்றாள்.

பத்து ரூபாயைக் கொடுத்தேன். ரசீதோடு வந்த மூன்று ரூபாயை எண்ணி என் உள்ளங்கையில் திருப்பி வைத்தாள். அவள் படிப்பின் முதல் வருஷத்துக்கு நான் கொடுத்தது அந்த ஏழு ரூபாய்தான். அதையும் அவள் வாய்விட்டுக் கேட்ட பிறகுதான் கொடுத்தேன்.